முசியே மயாரின் முழங்கால் குணமான கதை

1

இந்தக் கதை என் கற்பனை அல்ல. நான்காம் மேசையிலிருந்து காலிச் சூப்புத் தட்டுகளை எடுத்தபோது அவற்றோடு சேர்த்து எடுத்துவந்தது. திருட்டு என்றும் சொல்லலாம். விடுதி நடத்துகிறவளுக்குக் காது கேட்காது என்று விருந்தாளிகள் நம்புகிறார்கள். என் ஏழு தொடர்கதைகளும் அந்த நம்பிக்கையில்தான் ஓடின.

நான் காரைக்காலில் பிறந்தவள். ஒர்செனாக் என்ற இந்த வெந்நீர் ஊற்று ஊருக்கு வந்து இருபத்துநான்கு வருடம் ஆகிறது. என் கணவர் தியெரியும் நானும் பதினோரு அறை கொண்ட விடுதி நடத்துகிறோம். சமையல் அவர். மற்ற எல்லாம் நான். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, நோயாளிகள் எல்லாரும் களிமண் சிகிச்சை முடிந்து, காதில் ஒட்டிய மண்கூடக் காயாமல் தூங்கும்போது, சென்னை வாரப் பத்திரிகைக்குத் தொடர் எழுதுவேன். இதுவரை ஒன்பது கொலைகள் செய்திருக்கிறேன்.

போன மாதம் ஆசிரியர் போன் செய்தார்.

"மேடம், ஒரே இதழ்ல முடியற மாதிரி ஒண்ணு வேணும். வெளிநாட்டுப் பின்னணி. கொஞ்சம் பனி இருந்தா நல்லது."

"இது செப்டம்பர் சார். மழைதான் இருக்கு."

"சரி, காதல் இருக்கா?"

"இருக்கு."

"ஜோடிக்கு என்ன வயசு?"

"அவருக்கு எழுபத்திரண்டு. அந்தம்மாவுக்கு அறுபத்தொன்பது."

சென்னையில் மின்விசிறி சுற்றும் சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

"ஓவியர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

(ஓவியருக்கு நேரடியாக ஒரு வார்த்தை: ஈஃபில் கோபுரம் இங்கிருந்து ஐந்து மணி நேரப் பயணம். தயவுசெய்து பின்னணியில் போட வேண்டாம். கதாநாயகி மதாம் தெவ்னோவுக்கு நரைமுடி. குட்டையாக வெட்டியது. காற்றில் பறக்காது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மலைகளுக்கு நடுவே மஞ்சள் வெயில் சரிந்துகொண்டிருந்தது. நீராவி மண்டிய அந்தச் சிற்றூரின் மேல் ஒரு மெல்லிய சோகம்—"

அன்று வெயிலே இல்லை. மெல்லிய சோகமும் இல்லை. அழுகிய முட்டை நாற்றம்தான் இருந்தது. ஊற்றுத் தண்ணீரில் கந்தகம் அதிகம். எங்களுக்கு அது தெரிவதில்லை. ஊரை விட்டு வெளியே போனால்தான் ஏதோ குறைகிறதே என்று மூக்கு தேடும்.

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்:

"குளியல் தொட்டியில் கிடந்த உடல் அசையவில்லை."

இது உண்மை. எங்கள் ஊரில் குளியல் தொட்டியில் கிடக்கும் எந்த உடலும் பன்னிரண்டு நிமிடம் அசையக் கூடாது என்பது விதி. ஆனால் என் பழைய வாசகர்கள் உடனே இன்ஸ்பெக்டரை எதிர்பார்ப்பார்கள். இந்தக் கதையில் இன்ஸ்பெக்டர் கிடையாது.

மூன்றாவது முறை:

"பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதர் எங்கள் ஊருக்கு வைத்தியத்துக்கு வந்தால் என்ன ஆகும்?"

இதை அடிக்கவில்லை. கதை இதுதான்.

3

அவர் பெயர் ரொலான் மயார், பிரெஞ்சு மரியாதையில் முசியே மயார். வடக்கே, ரூபே நகரத்தில் நெசவாலை இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். வலது முழங்கால் தேய்ந்துபோய் பதினோரு வருடமாகச் செப்டம்பர் தோறும் வருகிறார். ஒன்பதாம் எண் அறை. மனைவி இறந்தபின் மகள் வீட்டோடு இருக்கிறார். அந்த வீட்டில் நாயை நடத்திக்கொண்டு போவதும், பேரப்பிள்ளைகளின் சைக்கிள் செயினை மாட்டுவதும் அவர் வேலை. மூன்று வாரம் மட்டும் யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். "அப்பாவுக்கு வைத்தியம்" என்று மகள் எல்லாரிடமும் சொல்வாள். டாக்டரே எழுதிக்கொடுத்தது. கேள்வி கிடையாது.

அந்தம்மா ஜொசியான் தெவ்னோ. ஆறாம் எண் அறை. லெ மான் நகரத்துக்காரி. அவரும் தனிதான். இடுப்பு வலி.

இவரைத்தான் எனக்கு எழுத வரவில்லை. முதல் பிரதியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஆக்கினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னல் வேலை செய்தார். "அவள் விழிகளில் சொல்லப்படாத ஏதோ ஒன்று—" என்று ஆரம்பித்து அந்த ஏதோ ஒன்று என்னவென்று எனக்கே தெரியாமல் நிறுத்தினேன். நிஜத்தில் மதாம் தெவ்னோ முப்பத்தோரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பின்னல் ஊசியை அவர் கையில் கொடுத்தால் கார் எஞ்சினில் எண்ணெய் அளக்கத்தான் பயன்படுத்துவார். பயிற்சிக் காரில் ஆசிரியருக்குத் தனியாக ஒரு பிரேக் உண்டல்லவா? யாராவது அபத்தமாகப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் மேசைக்கு அடியில் அவர் வலது கால் தரையை மிதிக்கும். நான் தட்டு எடுக்கும்போது பார்த்திருக்கிறேன்.

இரண்டு பேரையும் முதல் வருடம் நான்காம் மேசையில் உட்கார வைத்தது நான். காரணம் காதல் அல்ல. இரண்டு பேருக்கும் உப்பில்லாச் சாப்பாடு.

எங்கள் விடுதியில் மது பாட்டிலின் மேல் அறை எண்ணை எழுதி வைப்போம். மீதியை மறுநாள் அவரவருக்கே கொண்டுவந்து வைக்க வேண்டுமே. ஆறு ஒரு பாட்டில், ஒன்பது ஒரு பாட்டில் என்று ஆறு வருடம் ஓடியது. ஏழாம் வருடம் மதாம் தெவ்னோ என்னைக் கூப்பிட்டு, "இனிமே ஒரே பாட்டில் போதும். ஆறு, ஒன்பது, ரெண்டையும் அதுலயே எழுதிடுங்க" என்றார். எங்கள் ஊரில் இது கிட்டத்தட்ட நிச்சயதார்த்தம். ஆனால் அதற்கப்புறமும் இருவரும் "நீங்க" தான். "முசியே மயார்", "மதாம் தெவ்னோ" தான். செப்டம்பர் முடிந்தால் கடிதம் கிடையாது, போன் கிடையாது. அடுத்த செப்டம்பரில், நேற்றுதான் எழுந்து போனதுபோல, அதே நாற்காலி.

4

ஊர் விதியை இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அத்தியாயத்தில் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

வைத்தியம் பதினெட்டு நாள். (நம் பக்கத்தில் ஒரு பெரிய போரையே அதே பதினெட்டு நாளில் முடித்தார்கள். இங்கே அந்த நேரத்தில் களிமண் பூசிக் கழுவுகிறார்கள்.) நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை ஊர் டாக்டரிடம் போக வேண்டும். அவர் நோயாளியின் சொந்த ஊர் டாக்டருக்குக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் அடுத்த வருடத்துச் சீட்டு.

டாக்டர் கேட்பார்: "எப்படி இருக்கு?"

இதற்குச் சரியான பதில் ஒன்றே ஒன்று: "கொஞ்சம் பரவாயில்ல, டாக்டர்."

வலி குறையவே இல்லை என்றால் வேறு ஊர்த் தண்ணீருக்கு அனுப்பிவிடுவார்கள். வலி போய்விட்டது என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொஞ்சம் பரவாயில்லை என்றால் அடுத்த செப்டம்பர். ரொட்டிக் கடை, மருந்துக் கடை, சூதாட்ட மண்டபம், மேயர், நான், எல்லாரும் பிழைப்பது இந்த இரண்டு வார்த்தையில்.

பழைய டாக்டர் முப்பது வருடம் கேள்வி கேட்கும்போதே பதிலை எழுதி முடித்துவிடுவார். தலை நிமிரவே மாட்டார். சித்திரையில் அவர் ஓய்வுபெற்றார். (இங்கே ஏது சித்திரை? ஏப்ரல். கை பழக்கம். அப்படியே இருக்கட்டும்.) அவர் இடத்துக்கு லியோனிலிருந்து டாக்டர் சபாத்தியே வந்தாள். முப்பத்திரண்டு வயது. கேள்வி கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருப்பாள். அப்படி ஒரு டாக்டரை ஒர்செனாக் பார்த்ததே இல்லை.

5

ஒன்பதாம் நாள். டாக்டரின் காத்திருப்பு அறையில் மூன்று பேர் இருந்தோம். மணிக்கட்டு வலிக்காக நான். நடு வைத்தியச் சோதனைக்காக முசியே மயாரும் மதாம் தெவ்னோவும். அந்தக் கட்டடம் முன்பு யாரோ பணக்காரரின் மாளிகை. பெரிய கூடத்தை நடுவில் பலகை வைத்துத் தடுத்து இரண்டு அறையாக்கியிருக்கிறார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் டாக்டர் காகிதம் புரட்டினால் இந்தப் பக்கம் கேட்கும்.

அன்று காலை எங்கள் உணவறையில் நடந்தது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆன்சி நகரத்திலிருந்து இந்த வருடம் புதிதாக ஒருவர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். எழுபது வயது. தட்டையான வயிறு. (ஓவியருக்கு: இவரைச் சுமாராகப் போட்டால் போதும்.) அவர் நான்காம் மேசைக்கு வந்து குனிந்து, "அருவி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரலாமா மதாம்? உங்க நண்பரையும் கூப்பிடலாம், ஆனா பாவம், அங்க முந்நூறு படி" என்றார்.

பாவம் என்ற அந்தச் சொல் காப்பிக் கிண்ணத்துக்குள் விழுந்த ஈயைப் போல முசியே மயாரின் முன்னால் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது டாக்டர் அறை. பலகைக்கு அந்தப் பக்கம்.

"உட்காருங்க முசியே மயார். எப்படி இருக்கு?"

பேனா மேசையில் வைக்கப்படும் சத்தம். டாக்டர் காத்திருக்கிறாள்.

"பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்களேன். வலி."

இந்தப் பக்கம் மதாம் தெவ்னோ பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் இருமினார். நினைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அந்த இருமல்தான் காரணம். மதாம் தெவ்னோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று முசியே மயாருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"பூஜ்யம்!" என்றார் முசியே மயார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"என்னது?"

"பூஜ்யம் டாக்டர்! முழங்கால்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. முந்நூறு படியா? ஏறி எறங்கி மறுபடி ஏறுவேன். பாக்கறீங்களா?"

"வேண்டாம், நீங்க—"

தரைப் பலகை கிரீச்சிட்டது. நின்றது. மறுபடி கிரீச்சிட்டது. தோப்புக்கரணம். காதைப் பிடித்தாரா என்று தெரியாது, ஆனால் கணக்குச் சரியாக இருபது. பன்னிரண்டிலிருந்து டாக்டரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

மதாம் தெவ்னோவின் வலது கால் தரையை மிதித்தது. மிதித்தபடியே இருந்தது. வண்டி நிற்கவில்லை.

"முசியே மயார்!" டாக்டரின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. "நான் இங்க வந்து அஞ்சு மாசம். எல்லாரும் கொஞ்சம் பரவாயில்லன்னே சொல்றாங்க. இந்தத் தண்ணியால ஒண்ணுமே ஆகாதோன்னு ராத்திரி எல்லாம் யோசிப்பேன். நீங்கதான் முதல் ஆள். முழுக் குணம்! இப்பவே உங்க ஊர் டாக்டருக்கு எழுதறேன்."

"எழுதுங்க, எழுதுங்க" என்றார் முசியே மயார் மூச்சிரைக்க.

"அடுத்த வருஷம் நீங்க வரவே வேண்டாம்!"

பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

6

தொடர்கதையாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஏழு நாள் நிம்மதியாகத் தூங்குவேன். இங்கே அது முடியாது. அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். முகம் சுண்ணாம்பு.

மதாம் தெவ்னோ எழுந்து, பத்திரிகையை மடித்து வைத்து, உள்ளே போனார். கதவு மூடியது.

"மதாம் தெவ்னோ, உங்களுக்கு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் பரவாயில்ல, டாக்டர்."

7

அன்று மாலை நான் அடுக்களையில் காரட் சீவிக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் அடுக்களைக்குள் வரக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறோம். முசியே மயார் அந்தப் பலகைக்கு அடியில் வந்து நின்றார்.

"மதாம், நீங்க கதை எழுதறீங்களாமே. தியெரி சொன்னார். எங்களப் பத்தியாமே."

தியெரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சும்மா, கொஞ்சம் மாத்தி..."

"மாத்துங்க! அதைத்தான் கேக்க வந்தேன். என் முழங்காலை எழுதுங்க. வலி திரும்பி வந்துடுச்சுன்னு எழுதுங்க. இடது... இல்ல, வலது. பழைய காகிதம் எல்லாத்துலயும் வலதுதான் இருக்கு."

"நான் எழுதினா உங்க முழங்கால் எப்படி வலிக்கும் முசியே?"

"ஒன்பது கொலை பண்ணியிருக்கீங்களாம். ஒரு முழங்கால் முடியாதா?"

நான் சீவுவதை நிறுத்தினேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"என் மக நல்ல பொண்ணு. ஆனா காரணம் இல்லாம நான் ஒரு நாள் வெளிய போனா, 'எங்கேப்பா, எதுக்குப்பா, யாரோட'ன்னு கேப்பா. வருஷத்துல மூணு வாரம் எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு, டாக்டர் கையெழுத்தோட. இன்னிக்கு அதை நானே இருபது தடவ ஒக்காந்து எழுந்து கொன்னுட்டேன்."

"உண்மையிலயே வலி இல்லையா?"

"எங்க இருக்கு! ரெண்டு வருஷமா இல்ல. போன தடவ பழைய டாக்டர் நிமிர்ந்தே பாக்கல, பொழச்சேன்."

அதற்குள் தியெரி தலையிட்டார். "நொண்டிட்டு மறுபடி டாக்டர்கிட்ட போங்களேன். கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."

என் கணவரின் யோசனைகளை நான் கதையில் பயன்படுத்துவதில்லை. முசியே மயார் பயன்படுத்தினார். பத்தாம் நாள் முதல் நொண்டினார். கஷ்டப்பட்டு நொண்டினார். ஆனால் நெசவாலையில் நாற்பது வருடம் பழுதுபார்த்தவருக்குப் பழுதாக நடிக்க வரவில்லை. காலையில் வலது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இடது. பதினான்காம் நாள் டாக்டரிடம் போனார். அவள் கவலையோடு வலது முழங்காலை அழுத்திப் பார்த்தாள். "ஐயோ" என்றார். இடதை அழுத்தினாள். "ஐயோ" என்றார். முழங்கையைத் தற்செயலாகத் தொட்டாள். "ஐயோ" என்றார்.

"முசியே மயார், உங்களுக்கு ஊர விட்டுப் போக மனசு இல்ல, அவ்வளவுதான்" என்று அவள் அன்பாகச் சொல்லி, கடிதம் தபாலில் போய்விட்டதையும் சொன்னாள்.

8

இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின. மறைக்காமல் சொல்கிறேன்.

முடிவு அ: டாக்டருக்கு உண்மை தெரிந்து மனம் இளகுகிறது. இரண்டாவது கடிதம் எழுதுகிறாள். எழுதிப் பார்த்தேன். பாதியில் அவள் என்னைப் பார்த்து, "நான் பொய் எழுதணுமா? அதுவும் என்னோட ஒரே குணமான நோயாளியப் பத்தி?" என்று கேட்டாள். காகிதத்தை மடித்து வைத்தேன்.

முடிவு ஆ: வழுக்கும் படி. "ஈரமான படியில் அவர் கால் வைத்த அந்த நொடி—" பேனாவை மூடினேன். கதைக்காக ஒன்பது பேரைக் கொன்றவளுக்கு, ஒன்பதாம் அறைக்காரரின் முழங்காலைத் தொட மனம் வரவில்லை. அவருக்குப் பதினோரு வருடமாகச் சூப்பு ஊற்றியிருக்கிறேன்.

முடிவு இ: உடற்பயிற்சி ஆசிரியர் களிமண் தொட்டியில் பிணமாக. (பழைய பழக்கம். எழுதி முடித்து, மிகவும் ரசித்து, கிழித்துப் போட்டேன்.)

கிழித்த காகிதத்தைக் குப்பையில் போடும்போது வாசலில் மதாம் தெவ்னோ நின்றார். அடுக்களைப் பலகையை இந்த வருடம் யாருமே மதிக்கவில்லை.

"என்னப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

தமிழில் படித்து பிரெஞ்சில் சொன்னேன். நான்காம் மேசையில் அவர் தலை குனிந்து, கண் கலங்கி, விதியை நொந்து உட்கார்ந்திருந்த இடம்.

"யாரு, நானா?"

"கொஞ்சம் கற்பனை..."

"நான் ஏன் விதிய நோவணும்? அந்த ஆளு இருபது தோப்புக்கரணம் போட்டதுக்கு விதி என்ன பண்ணும்? அடிங்க அதை."

அடித்தேன்.

"கண்ணு கலங்கறதையும்."

அதையும்.

"இப்ப என்ன மிச்சம் இருக்கு?"

"நீங்க நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க."

"அது போதும்" என்று போய்விட்டார்.

9

பதினேழாம் நாள் இரவுச் சாப்பாடு. வெங்காய சூப்பு. நான் நான்காம் மேசைக்குக் கரண்டியோடு வந்தபோது முசியே மயார் வாசலிலிருந்து நொண்டி வந்துகொண்டிருந்தார். பழக்கம் விடவில்லை. இடது கால்.

"ஒக்காருங்க" என்றார் மதாம் தெவ்னோ. "போதும் நாடகம். கத்துக்குட்டி கூட கியர இப்படி மாத்த மாட்டான்."

அவர் உட்கார்ந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க அந்தப் பொண்ணுகிட்ட?"

"எப்படி?"

"பூஜ்யம்னு."

முசியே மயார் கைத்துண்டை மடித்தார், பிரித்தார். "அந்த அருவி ஆளு... பாவம்னாரு. உங்க முன்னாடி."

"அவரு சொன்னா என்ன?"

"நீங்க கேட்டுட்டு இருந்தீங்களேன்னு..."

"நான் கேட்டுட்டு இருந்தேன்னு நீங்க குணமாயிட்டீங்க. அடேயப்பா. உங்களுக்குப் புத்தி இருக்கா முசியே மயார்? எனக்கு இடுப்பு வலி போயி நாலு வருஷம் ஆச்சு."

அவர் நிமிர்ந்தார். என் கரண்டி நின்றது.

"நாலு வருஷம். நிமிர்றேன், குனியறேன், போன மாசம் தனியா அலமாரிய நகத்தினேன். ஆனா ஒவ்வொரு செப்டம்பரும் அந்த நாத்தத் தண்ணியக் குடிச்சு, சேத்துல படுத்து, கொஞ்சம் பரவாயில்லன்னு சொல்லிட்டுப் போறேன். எதுக்குன்னு நெனச்சீங்க? சேறு அவ்ளோ பிடிக்கும்னா?"

பதினோரு அறைக்காரர்களின் கரண்டிகளும் நின்றுவிட்டன. மதாம் தெவ்னோ வகுப்பு எடுக்கும் குரலில்தான் எப்போதும் பேசுவார்.

என் தொடர்களில் இந்த நொடியில் கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பற்றுவான். முசியே மயாருக்கு முகம் சிவந்தது. வாய் திறந்தது.

"நாலு வருஷமா?" என்றார். "அப்ப போன வருஷம் உங்க பெட்டிய நான் மூணு மாடி தூக்கினேனே!"

"ஆமா. நல்லா தூக்கினீங்க."

"முட்டி செத்துடும்னு நெனச்சேன்!"

"வலிதான் ரெண்டு வருஷமா இல்லையே உங்களுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பார்த்தேன். ஆம், சொன்னது நான்தான். கதாசிரியர்கள் கதாபாத்திரங்களிடம் வாய் திறக்கக் கூடாதென்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பக்கத்து மேசையிலிருந்து உடற்பயிற்சி ஆசிரியர் மெதுவாக, "அப்படின்னா மதாம், இடுப்பு நல்லா இருக்கறதால, நாளைக்கு அருவி..." என்றார்.

"நீங்க சூப்பக் குடிங்க" என்றார் மதாம் தெவ்னோ திரும்பாமல்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். நான் ரொட்டிக் கூடையை ஒழுங்குபடுத்துவதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இனி செப்டம்பர் கிடையாது. உங்களுக்குச் சீட்டு வராது. நீங்க இல்லாம நான் ஏன் இங்க வரணும்? அதனால லெ மானுக்கு வாங்க."

"லெ மானுக்கா? என்ன சொல்லிட்டு?"

"வரேன்னு சொல்லிட்டு."

"மக கேப்பா."

"கேக்கட்டும்."

"என்ன பதில் சொல்றது?"

"மதாம் தெவ்னோ வீட்டுக்குப் போறேன்னு."

அவர் வாய்க்குள் அந்த வாக்கியத்தை உருட்டிப் பார்த்தார். டாக்டர் கையெழுத்து இல்லாத வாக்கியம். எழுபத்திரண்டு வயதில் முதல்முதலாகச் சொல்ல வேண்டியது.

"யோசிக்கறேன்" என்றார்.

மதாம் தெவ்னோ பாட்டிலில் மீதி இருந்ததை இரண்டு கோப்பையிலும் சமமாக ஊற்றினார். மறுநாள் மேசைக்கு எண் எழுதி வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

10

சனிக்கிழமை காலை. வைத்தியம் முடிந்தது. எல்லாரும் கிளம்பும் நாள்.

பஸ் நிறுத்தம் எங்கள் உணவறை ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவின் அந்தப் பக்கம். வடக்கு ரயிலுக்கான பஸ் ஒன்பது பத்துக்கு. அது முசியே மயாருடையது. மேற்கு ரயிலுக்கானது ஒன்பது நாற்பதுக்கு. அது மதாம் தெவ்னோவுடையது. பதினோரு வருடமாக அவர் ஏறிப் போவார், இவர் அரை மணி நேரம் தனியாக நிற்பார்.

மதாம் தெவ்னோ முன்னாடியே போய்விட்டார். முசியே மயார் பெட்டியோடு என் மேசை முன் நின்றார். சாவியைக் கொடுத்தார். போகவில்லை.

"முடிவு எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சீக்கிரம் எழுதுங்க. பஸ் வந்துடும்."

"நீங்க என்ன பண்றீங்கன்னு பாத்துட்டுத்தான் எழுதணும் முசியே."

"நீங்க எழுதினத பாத்துட்டு பண்ணலாம்னு இருந்தேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்பது ஐந்து. என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு கதாநாயகனுக்கு நான் எழுதியதே இல்லை. வழக்கமாக என் ஆட்கள் சொன்னபடி கேட்டு, சொன்ன இடத்தில் செத்துப்போவார்கள்.

"நான் எழுதினா உங்களுக்குப் பிடிக்காமப் போயிடலாம்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று பெட்டியைத் தூக்கினார். தெருவைத் தாண்டினார். நொண்டவில்லை. மதாம் தெவ்னோவின் பக்கத்தில் போய் நின்றார். இருவருக்கும் நடுவில் இரண்டு பெட்டிகள். ஏதோ பேசினார்கள். ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. தியெரி குளிருக்காகப் போட்டது. அன்று முதல்முறையாக அதைச் சபித்தேன்.

பஸ் வந்து நின்றது. இருவரையும் மறைத்தது.

ஓட்டுநர் இறங்கி அந்தப் பக்கம் போனார். பெட்டி வைக்கும் அறையின் கதவு தூக்கப்படும்போது பஸ் லேசாக ஆடும். ஆடியது. கதவு மூடப்படும்போது மறுபடி ஆடும். ஆடியது. ஓட்டுநர் திரும்பி வந்து தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். உடனே தலையை வெளியே நீட்டி யாரிடமோ எரிச்சலாக ஏதோ கேட்டார். மறுபடி இறங்கினார்.

பஸ் ஆடியது: பெட்டி அறையின் கதவு இரண்டாவது முறை திறந்தது.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று: வைத்த பெட்டியை முசியே மயார் திரும்ப எடுத்துக்கொண்டார், ஒன்பது நாற்பது பஸ்ஸுக்காக. இரண்டு: மதாம் தெவ்னோவின் பெட்டியும் உள்ளே போனது. ரூபேயில் ஒரு மகளுக்கு அவரே நேரில் பதில் சொல்வார், பாவம் அந்த மகள். மூன்று: முசியே மயார் குடையைப் பெட்டியோடு சேர்த்து உள்ளே வைத்துவிட்டார். தூறல் ஆரம்பித்திருந்தது. அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

பஸ் கிளம்பியது.

"போயிடுச்சா?" என்று தியெரி அடுக்களையிலிருந்து கத்தினார்.

"போயிடுச்சு."

"ஸ்டாப்புல எத்தனை பேரு நிக்கறாங்க?"

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பிறகு திரையை இழுத்து மூடினேன்.

இரண்டு பேர் என்றால் ஒரு கதை. யாருமே இல்லை என்றால் இன்னொரு கதை. ஒரே ஒருவர் என்றால், அதை எழுத என்னைவிடக் கல்நெஞ்சக்காரர் யாராவது வேண்டும். பதினோரு படுக்கைக்கும் விரிப்பு மாற்ற வேண்டும், புது ஆட்கள் மதியம் வருகிறார்கள், நான் மாடிக்குப் போகிறேன். நீங்களே பார்க்க வேண்டுமானால், திரையின் கயிறு ஜன்னலுக்கு இடது பக்கம் இருக்கிறது. மெதுவாக இழுங்கள்.